வூ: ஆயுதமும் அடிச்சுவடும்

எட்டுக் கோடுகளில் எழுதி முடிக்கக்கூடிய ஒரு சீன எழுத்து. இன்றைய மாண்டரினில் அதன் ஒலி ‘வூ’. கான்டனீஸில் ‘மோ’, கொரிய மொழியில் ‘மு’, ஜப்பானியத்தில் ‘பு’ அல்லது ‘மு’, வியட்நாமியத்தில் ‘வோ’ என்று அதைப் படிக்கிறார்கள். பழைய சீனத்தில் அது மகர ஒலியில் தொடங்கியதன் தடயம் இந்த ஒலிப்புகள் சிலவற்றில் இன்னும் தங்கியிருக்கிறது. போர், படை, போர்த்திறம், துணிவு என்பவை அகராதி தரும் பொருள்கள். வூஷூ என்னும் போர்க்கலையிலும், ஜப்பானின் வீரநெறியான புஷிடோவிலும் போர்க்கலைகளான புடோவிலும், வூஹான் நகரத்தின் பெயரிலும், ஹாங்காங்கில் 1847இல் எழுந்த மான் மோ கோயிலின் பெயரிலும் இருப்பது இதே எழுத்து. இதைப் பற்றிப் பேசத் தொடங்குபவர்கள் வழக்கமாக ஒரு விளக்கத்தோடு தொடங்குவார்கள். எழுத்தின் கீழ்ப்பகுதிக்கு ‘நிறுத்து’ என்று பொருள். மேற்பகுதி ‘கே’ என்னும் ஆயுதம், அதாவது நீண்ட கழியின் தலையில் குறுக்காகப் பூட்டிய வெண்கல அலகு. ஆயுதத்தை நிறுத்துவதே வூ. ஆகவே போர்த்திறத்தின் உண்மையான நோக்கம் போரை ஒழிப்பது. போர்க்கலைப் பள்ளிகளிலும், புடோ நூல்களின் முன்னுரைகளிலும், அமைதி பற்றிய மேடைப் பேச்சுகளிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது.

எழுத்தின் பிறப்பைப் பற்றி இந்த விளக்கம் சொல்வது பிழை. இன்று பழஞ்சீன எழுத்தாய்வாளர்களிடையே இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பிழை என்று தெரிந்ததும் இரண்டு அவசர முடிவுகள் கிளம்புகின்றன. வூவோடு ஒட்டிய அறப்பொருள் முழுவதும் பிற்காலத்துப் பூச்சு என்கிறது ஒன்று. பிறப்பு எப்படியிருந்தால் என்ன, மக்கள் நம்புவதுதானே பொருள் என்கிறது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஓர் எழுத்தின் பொருளை அதன் உறுப்புகளைக் கழற்றிக் காண முடியாது. அது எந்த வாக்கியங்களில், யாரால், யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று தேடித்தான் காண வேண்டும். அப்படித் தேடும்போது, கணக்குக் கேட்கப்படக்கூடிய வன்மை என்றொரு பொருள் வூவுக்கு மிகப் பழங்காலத்திலேயே இருந்தது தெரிகிறது. அதை நிறுவ எழுத்தைப் பிரிக்கும் வேலை தேவைப்படவே இல்லை. பிற்காலத்தில் அந்தப் பொருள் அன்றாட வழக்கிலிருந்து நழுவியபோதுதான் அதன் சுமை முழுவதும் எழுத்துப் பிரிப்பின் தலையில் ஏறியது.

விளக்கம் முதன்முதலில் சொல்லப்பட்ட இடத்துக்குப் போவோம். கி.மு. 597இல், இன்றைய ஹெனான் மாநிலத்தில் மஞ்சளாற்றுக்கு அருகே ‘பி’ என்னும் இடத்தில் தெற்கின் ச்சூ நாடும் வடக்கின் ஜின் நாடும் மோதின. ஜின் படை சிதறி ஆற்றை நோக்கி ஓடியது. படகுகளில் முதலில் ஏறியவர்கள், விளிம்பைப் பற்றித் தொங்கியவர்களின் விரல்களை வெட்டினார்கள். படகுக்குள் கிடந்த விரல்களைக் கைநிறைய அள்ளலாம் என்னும் அளவுக்கு இருந்ததாக ‘ட்சுவோ சுவான்’ என்னும் வரலாற்று நூல் சொல்கிறது. ஏறத்தாழ கி.மு. நான்காம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட அந்த நூல்தான் இந்தப் போருக்கு நம்மிடம் உள்ள முதன்மைச் சான்று. வெற்றிக்குப் பிறகு பான் தாங் என்னும் அதிகாரி ச்சூ நாட்டின் சுவாங் மன்னரிடம் ஒரு யோசனை சொல்கிறார்: எதிரிகளின் பிணங்களைக் குவித்து, மேலே மண்ணிட்டு மூடி, வருங்காலத் தலைமுறைகள் மறவாதபடி ஒரு வெற்றிமேடு எழுப்பலாம். அக்காலத்தில் அது வழக்கம். மன்னர் மறுக்கிறார். மறுப்பைத் தொடங்கும்போது, உனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டு, ஆயுதத்தை நிறுத்துவதே வூ என்னும் எழுத்து என்று ஒரு சொற்றொடரில் சொல்லிக் கடந்துபோகிறார்.

புகழ்பெற்றது அந்த ஒரு சொற்றொடர். அதைத் தொடர்ந்து வரும் நீண்ட பேச்சைப் பெரும்பாலானவர்கள் படிப்பதில்லை. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சோவ் மரபின் வூ மன்னர், ஷாங் அரசை வீழ்த்திய பிறகு எழுந்த துதிப்பாடல்களைச் சுவாங் மன்னர் சான்றாக எடுக்கிறார். அவற்றிலிருந்து வூவுக்கு ஏழு அறங்களை வகுக்கிறார்: கொடுமையைத் தடுத்தல், ஆயுதங்களை உறைக்குள் வைத்தல், பெற்ற பெருமையைக் காத்தல், செயலை நிலைநிறுத்தல், மக்களுக்கு நிம்மதி தருதல், பல நாட்டாரிடையே இணக்கம் உண்டாக்கல், செல்வத்தைப் பெருக்குதல். பிறகு அவற்றைத் தன்மீதே பொருத்திப் பார்க்கிறார். இரண்டு நாட்டாரின் எலும்புகளையும் வெட்டவெளியில் காயவிட்டேன், அது கொடுமை. படையைக் காட்டி மற்ற அரசர்களை அச்சுறுத்தினேன், ஆயுதம் உறைக்குள் போகவில்லை. ஜின் இன்னும் இருக்கிறது. மக்களின் விருப்பத்துக்கு மாறாக நடந்தேன். பிறர் ஆபத்தில் ஆதாயம் தேடினேன். ஏழில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. சந்ததிக்கு எதைக் காட்டுவது? தவிரவும், பழைய அரசர்கள் பிணமேடு எழுப்பியது தீயவர்களை ஒறுத்தபோது. இங்கே செத்துக் கிடப்பவர்கள் தங்கள் தலைவன் ஆணைக்கு உண்மையாக நின்று செத்தவர்கள், அவர்கள்மீது குற்றம் எது? இவ்வளவும் சொல்லிவிட்டு ஆற்றுத் தெய்வத்துக்குப் பலியிட்டு, முன்னோருக்கு ஒரு கோயில் எழுப்பி, வெற்றியை அறிவித்து, நாடு திரும்புகிறார்.

முழுப் பேச்சையும் படித்தால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. மன்னரின் வாதம் எழுத்தின் வடிவத்தின்மேல் நிற்கவில்லை. வூ என்ற பெயரைத் தாங்கிய ஒரு மன்னரின் புகழ்பெற்ற செயலின்மேலும், அதைப் பாடிய பாடல்களின்மேலும் நிற்கிறது. எழுத்துப் பிரிப்பு பேச்சுக்கு ஓர் அணி. அதை எடுத்துவிட்டாலும் வாதம் சிறிதும் தளராது. மேலும், இது போரே கூடாது என்னும் பேச்சும் இல்லை. கி.மு. 606இல் சோவ் மன்னரின் எல்லைவரை படையோடு போய், அரசுரிமையின் சின்னமான வெண்கலக் கலங்களின் எடை என்ன என்று விசாரித்தவர் இதே சுவாங் மன்னர். பிப் போருக்குச் சில ஆண்டுகள் கழித்து அவர் சொங் நாட்டின் தலைநகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்கள் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு தின்னும் நிலைக்கு வந்ததாக அதே நூல் பதிவு செய்கிறது. போரை வெறுத்த துறவியாக அவரைக் காட்டும் பிற்கால எழுத்துகள் இந்தப் பகுதியை விட்டுவிடுகின்றன. அவர் செய்தது வேறு வேலை: வெற்றி பெற்ற வன்மைக்கு முன்னால் ஏழு கேள்விகளை வைத்தார், அவற்றில் தான் தோற்றதாக ஒப்புக்கொண்டார்.

இனி எழுத்தின் பிறப்பு. சுவாங் மன்னர் காலத்துக்கு ஆறு, ஏழு நூற்றாண்டுகள் முந்தையவை ஷாங் அரசர்களின் குறியெலும்புகள். ஆமையோட்டையும் மாட்டு எலும்பையும் சூடேற்றி, விழும் வெடிப்பைக் கொண்டு குறி பார்த்து, கேட்ட கேள்விகளை அவற்றிலேயே பொறித்தார்கள். அவை பல நூற்றாண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தன. 1899இல் வாங் யீரோங் என்னும் அறிஞர் அவற்றில் இருப்பது பழைய எழுத்து என்று அடையாளம் கண்டார். 1928 முதல் அன்யாங்கில் முறையான அகழாய்வு நடந்தது. அந்த எலும்புகளில் வூ என்ற எழுத்து இருக்கிறது. மேலே கே ஆயுதம், கீழே ஒரு காலடி. பிற்காலத்தில் ‘நிறுத்து’ என்று பொருள்பட்ட உறுப்பு, ஷாங் எழுத்தில் விரல்களோடு கூடிய பாதத்தின் படம். கூட்டெழுத்துகளில் அந்தப் பாதம் வரும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இயக்கத்தைக் குறிக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பாதங்கள் வைத்தால் ‘நடை’. குழியிலிருந்து வெளிநோக்கும் பாதம் ‘வெளியேறு’. ஊரை நோக்கிய பாதம் ‘படையெடு’. அந்தக் கூட்டத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஆயுதமும் பாதமும் சேர்ந்த வடிவம் ஆயுதம் ஏந்தி நடக்கும் படையைத்தான் காட்டுகிறது. சுவாங் மன்னரின் விளக்கத்துக்கு நேர் எதிரான திசை இது.

நின்றுவிட்ட பாதமும் பாதம்தானே, அதை ‘நிறுத்தம்’ என்று ஏன் படிக்கக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு முடிவான பதில் கிடைக்காது. வழக்கு பதில் சொல்கிறது. ‘கவிதைத் தொகை’ என்று நாம் அழைக்கும் பழம்பாடல் திரட்டில், சோவ் குலத்தின் தாயான ஜியாங் யுவான் வானத்து இறைவனின் காலடித் தடத்தில் மிதித்துக் கருவுற்ற கதை வருகிறது. அங்கே தடத்தைக் குறிக்கும் சொல் வூ. அதே திரட்டின் இன்னொரு பாடலில் முன்னோரின் அடிச்சுவட்டைப் பின்பற்றுவது பேசப்படுகிறது. அங்கும் சுவடு என்பதற்கு வூதான். பழைய அளவை முறையில் ஆறு சாண் போன்ற ஆறு ‘ச்சி’ ஒரு ‘பூ’, அதில் பாதி, அதாவது ஒரு கால் எடுத்து வைக்கும் தூரம், ஒரு ‘வூ’ என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். காலடி, தடம், ஓரடித் தூரம் என்னும் இந்தப் பொருள்கள் ஆயுதத்தை நிறுத்துவதிலிருந்து எப்படியும் வர முடியாது. நடக்கும் காலிலிருந்து மிக இயல்பாக வரும். ஒரு சிறு குறிப்பையும் சேர்க்கலாம். இன்றைய அச்செழுத்தில் மேற்பகுதி முழுமையான கே வடிவம்கூட இல்லை. அதன் சாய்கோடு இடம்மாறி, மேலே ஒரு குறுங்கோடாகக் கிடக்கிறது. கொக்கியின் குறுக்கே சாய்கோடு போடுவது இந்த எழுத்தை எழுதுகையில் பள்ளிப் பிள்ளைகள் செய்யும் பழகிய பிழை.

பிழையான விளக்கம் இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம் ஒரு பெரிய நூலின் ஆதரவு. கி.பி. 100இல் ஷூ ஷென் எழுதி முடித்து, 121இல் அரசரிடம் அளிக்கப்பட்ட ‘ஷுவோவென் ஜியேட்சு’ 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளின்கீழ் வகுத்து விளக்கியது. பின்வந்த சீன அகராதிக் கலை முழுவதும் அதன்மேல் எழுந்தது. வூவுக்கு அவர் தரும் விளக்கம் சுவாங் மன்னரின் கூற்றே. அதோடு நிற்கவில்லை. உறுப்புகளின் பொருள்கள் கூடிப் புதுப்பொருள் தரும் எழுத்துகளைத் தனி வகையாகப் பிரித்தவர், அந்த வகைக்கு எடுத்துக்காட்டாக இரண்டே எழுத்துகளைத் தந்தார். ஒன்று வூ. மற்றது ‘நம்பிக்கை’ என்று பொருள்படும் ‘ஷின்’. மனிதனும் சொல்லும் சேர்ந்தது. ஷின் எழுத்திலும் மனித உறுப்பு ஒலியைக் காட்டவே வந்தது என்று இன்று பலர் கருதுகிறார்கள். ஒரு வகைக்குத் தந்த இரண்டு சான்றுகளும் ஆட்டம் காண்கின்றன என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பான்மை ஒலிக்குறிப்பு ஒன்றும் பொருள்குறிப்பு ஒன்றும் சேர்ந்தவை. கருத்துப் படங்களின் தொகுப்பாக அவற்றைக் காண்பது வெளிநாட்டாரின் மயக்கம் மட்டுமே என்று சொல்வதுண்டு, ஆனால் அந்த மயக்கத்துக்குச் சீனத்திலேயே வேர் உண்டு. ஷூ ஷென்னைக் குறைசொல்ல வேண்டியதில்லை. குறியெலும்புகள் அவர் காலத்தில் மண்ணுக்குள் இருந்தன. கையில் இருந்த பிற்கால வடிவங்களைக் கொண்டு அவர் செய்த பணி வியப்புக்குரியது.

இப்போது முதல் அவசர முடிவுக்கு வருகிறேன்: பிரிப்பு பொய் என்றால் அறமும் பொய் என்பது. கி.மு. 630இல், பிப் போருக்கு 33 ஆண்டுகள் முன்பு, ஜின் நாட்டின் வென் கோமகனும் சின் நாட்டுப் படையும் சேர்ந்து செங் நாட்டை முற்றுகையிட்டிருந்தார்கள். சின் நாட்டார் செங் நாட்டோடு தனியாக உடன்பாடு செய்துகொண்டு விலகினார்கள். துரோகம் செய்த அவர்களைத் தாக்கலாம் என்று தளபதி சொன்னபோது வென் கோமகன் மூன்று காரணங்களால் மறுத்தார். ஒருவரின் துணையால் உயர்ந்துவிட்டு அவரையே கெடுப்பது அன்பில்லாத செயல். கூட்டாளியை இழப்பது அறிவில்லாத செயல். ஒழுங்கை விட்டுக் குழப்பத்தைக் கொண்டுவருவது வூ இல்லாத செயல். இங்கே யாரும் எழுத்தைப் பிரிக்கவில்லை, ஆயுதத்தையும் நிறுத்தத்தையும் பற்றிப் பேசவில்லை. ‘பு வூ’, அதாவது வூ அல்லாதது, என்ற இரண்டு சொற்களை ஒரு தாக்குதலுக்கு எதிராக ஓர் ஆட்சியாளர் மிக இயல்பாகப் பயன்படுத்துகிறார். தாக்காமல் இருப்பதை வூவின் பெயரால் நியாயப்படுத்த முடிந்தது என்றால், அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருந்தது என்றுதான் பொருள்.

அதே ‘பு வூ’ எதிர்த்திசையிலும் வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கி.மு. 605இல் செங் நாட்டில் ஆமைச் சாறு விருந்தில் ஒரு பிரபுவுக்குப் பங்கு மறுக்கப்பட, அவர் பாத்திரத்தில் விரலைத் தோய்த்து நக்கிவிட்டு வெளியேறினார். கோமகனுக்குச் சினம் மூண்டது. பிரபு கோமகனைக் கொல்லத் திட்டமிட்டார். திட்டத்தில் கூட்டுச் சேர அழைக்கப்பட்ட மற்றொரு பிரபுவான ட்சுஜியா முதலில் மறுத்தார். கிழட்டு விலங்கைக் கொல்லவே மனம் கூசும்போது தலைவனைக் கொல்வதா என்றார். பிறகு, அவர்மீதே பழி சுமத்தப்படும் என்ற மிரட்டலுக்கு அஞ்சி உடன்பட்டார். கோமகன் கொல்லப்பட்டார். ட்சுவோ சுவான் இதற்கு எழுதும் தீர்ப்பு: அன்பு இருந்தும் வூ இல்லாதவரால் எதையும் முடிக்க இயலாது. இங்கே பு வூ என்பது துணிவின்மை. வென் கோமகனின் வழக்கோடு இது முரண்படுகிறதா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆம். ஆனால் ட்சுஜியாவிடம் குறைந்தது எந்தத் துணிவு? கொல்லும் துணிவு அல்ல. கொலையைத் தடுக்கும் துணிவு. சுவாங் மன்னரின் ஏழில் முதலாவது கொடுமையைத் தடுத்தல் என்பதை நினைவில் கொண்டால் இரண்டும் ஒரே சொல்லின் இரு பக்கங்கள். ‘பாவ்’ என்னும் சொல் சீனத்தில் கட்டற்ற வன்கொடுமையைக் குறிக்கிறது. வூவுக்கு எதிரே ஒருபுறம் கல்வியும் பண்பும் சார்ந்த ‘வென்’ நிற்கிறது என்பது எல்லாரும் அறிந்தது; மறுபுறம் பாவ் நிற்கிறது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. கன்பூசியஸ்கூட வூ மன்னரின் வெற்றியைக் கொண்டாடும் இசை முழு அழகு உடையது, ஆனால் முழு நன்மை உடையதல்ல என்று மதிப்பிட்டார். வூவை ஒழிக்கச் சொல்லவில்லை, அளந்தார்.

இந்த அளவுகோல் எல்லா வாக்கியங்களிலும் இருந்தது என்று நான் சொன்னால் அது மிகை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஹான் ஃபெய், வாள்வீரர்கள் வூவைக் கொண்டு சட்டத்தை மீறுகிறார்கள் என்று கடிந்தார். அங்கே வூ என்பது வெறும் அடிதடி. சீமா ச்சியானின் வரலாற்று நூலில் ஊரக வல்லடிக்காரர்கள் வூவால் தீர்ப்புச் சொல்கிறார்கள். இன்று ‘வூதுவான்’ என்றால் பிறர் சொல்லைக் கேளாமல் தன்போக்கில் முடிவெடுப்பது. தனிமனிதர் கையில் வூ என்பது பெரும்பாலும் பலம் மட்டுமே. அரசு தன் வன்மைக்கு இந்தப் பெயரைக் கோரும்போதுதான் அளவுகோல் உயிர்பெறுகிறது. என் வாதத்தின் எல்லையும் அதுவே.

அப்படியென்றால் அது அரசுகளின் அலங்காரம்தானே என்பது வலுவான மறுப்பு. சான்றுகளும் குறைவில்லை. 626இல் ஷுவான்வூ வாயிலில் தன் சகோதரர் இருவரைக் கொன்று அரியணைக்கு வழி செய்த தாங் தாய்ட்சொங், தன் பழைய போர்வெற்றியைப் பாடும் இசைக்கு 633இல் ஆட்டம் அமைத்தார். கவசம் தரித்து ஆயுதம் ஏந்திய 120 பேர் ஆடினார்கள். பின்னர் அதற்கு ‘ஏழு அறங்களின் ஆட்டம்’ என்று பெயர் சூட்டப்பட்டது, சுவாங் மன்னரின் அதே ஏழு. அந்த இசையின் புகழ் இந்தியாவரை எட்டியிருந்ததாகவும், ஹர்ஷர் தன்னிடம் அதைப் பற்றிக் கேட்டதாகவும் சீனத் துறவி ஷுவான்சாங் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். 1402இல் தன் அண்ணன் மகனிடமிருந்து ஆட்சியைப் பறித்த யோங்லெ பேரரசர், தனக்கு வெற்றி தந்தது ‘மெய்யான வூ’ என்று பொருள்படும் சென்வூ தெய்வம் என்று கூறி, 1412 முதல் வூதாங் மலையில் பெரும் கோயில்களை எழுப்பினார். இன்று அவை யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. ஜப்பானில் ஓடா நொபுனாகா 1567 முதல் பயன்படுத்திய முத்திரையில், நாடெங்கும் ‘பு’வைப் பரப்புவது என்ற நான்கெழுத்துத் தொடர் இருந்தது. அந்தப் பு ஏழு அறங்களைக் குறிக்கிறது என்று வாதிடுவோர் ஜப்பானில் உண்டு. 1571இல் அவர் ஹியேய் மலையின் மடங்களை எரித்து, உள்ளிருந்தவர்களைக் கொன்றதை வைத்துப் பார்த்தால் அந்த வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

அலங்காரமாகப் பயன்பட்டது உண்மை. ஆனால் அலங்காரமாக மட்டுமே இருந்த சொல் ஆட்சியாளருக்கு எதிராகத் திரும்பியிருக்காது, வூ திரும்பியது. இறந்த மன்னர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டும் பழைய விதித் தொகுப்பு வூவுக்குப் பல வரையறைகள் தருகிறது. குழப்பத்தை அடக்கியவர் வூ என்பது அவற்றில் ஒன்று. வீண் பெருமையால் நாட்டை வறுமைக்குள் தள்ளியவரும் வூ என்பது மற்றொன்று. பட்டத்துக்குள்ளேயே பழி பொதிந்திருக்கிறது. கி.மு. 141 முதல் 87 வரை ஆண்டு, எல்லைகளை நாற்றிசையும் விரித்தவர் ஹான் வூ பேரரசர். கி.மு. 72இல் அவருடைய கொள்ளுப்பேரனான ஷுவான் பேரரசர் அவருக்குத் தனிக் கோயில் இசை வகுக்க ஆணையிட்டார். அவையில் எல்லாரும் ஒப்புக்கொள்ள, ஷியாஹோவ் ஷெங் என்னும் அறிஞர் மட்டும் எழுந்து மறுத்தார். எல்லையை விரித்தது உண்மை. ஆனால் படைவீரர் எண்ணற்றோர் மாண்டார்கள், மக்களின் பொருள் வற்றியது, மக்கள்தொகை பாதியானது, சேமிப்புக் களஞ்சியங்கள் இன்றுவரை நிறையவில்லை. மக்களுக்கு நன்மை செய்யாதவருக்கு இசை எதற்கு? இது அரச ஆணை என்று மற்றவர்கள் எச்சரித்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. அவரையும், அவர்மேல் குற்றம் சாட்ட மறுத்த அதிகாரி ஹுவாங் பாவையும் சிறையில் தள்ளினார்கள். ஹுவாங் பா சிறைக்குள் அவரிடம் ‘ஆவணங்களின் நூல்’ பாடம் கேட்டார். கி.மு. 70இல் நிலநடுக்கத்தை ஒட்டி வந்த பொதுமன்னிப்பில் இருவரும் விடுதலை பெற்றார்கள். ஷியாஹோவ் ஷெங் எழுத்தைப் பிரித்துப் பேசவில்லை. ஆனாலும் மக்களின் நிம்மதி, செல்வம் என்று அவர் எடுத்த அளவைகள் சுவாங் மன்னரின் பட்டியலில் இருந்தவையே.

இன்னும் நேரடியான சான்று 963இல் கிடைக்கிறது. தாங் காலம் முதலே புகழ்பெற்ற தளபதிகளுக்கு ஒரு கோயில் இருந்தது. சின் நாட்டுத் தளபதி பாய் ச்சியின் உருவமும் அங்கே வழிபடப்பட்டது. கி.மு. 260இல் சாங்பிங் போருக்குப் பிறகு, சரணடைந்த சாவ் நாட்டு வீரர்களை அவர் உயிரோடு புதைத்தார் என்றும், அந்தப் போரில் மாண்டவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல் என்றும் சீமா ச்சியான் எழுதுகிறார். எண்ணிக்கை மிகையாகவே இருக்கலாம். கொலை நடந்ததில் ஐயமில்லை. சொங் அரசை நிறுவிய தாய்ட்சு பேரரசர் கோயிலைச் சுற்றிப் பார்த்தபோது அந்த உருவத்தைக் கோலால் சுட்டி, சரணடைந்தவர்களைக் கொன்ற இவர் வூவுக்கு முற்றிலும் மாறானவர், இவருக்கு இங்கே என்ன வேலை என்று கூறி அகற்றச் சொன்னார். தாய்ட்சு தளபதியாக இருந்து ஆட்சியைப் பிடித்தவர். போர் என்றால் என்ன என்று அறியாதவர் அல்ல. போரில் தோல்வியே காணாத ஒருவரை அவர் ‘பு வூ’ என்றார். வூ என்பது போர்த்திறம் மட்டுமே என்றால் அந்த வாக்கியம் பொருளற்றது. 1,500 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் வென் கோமகனின் சொல்லாட்சி உயிரோடு இருந்திருக்கிறது.

இனி 1904க்கு வருவோம். ஜப்பானில் நாடுகடந்து வாழ்ந்த லியாங் ச்சிசாவ் அந்த ஆண்டு ‘சீனத்தின் புஷிடோ’ என்ற நூலை வெளியிட்டார். நிதோபே இனாஸோவின் ஆங்கிலப் ‘புஷிடோ’ 1900இல் வந்து உலகைச் சுற்றியிருந்தது. 1895இல் ஜப்பானிடம் சீனா தோற்ற காயம் ஆறவில்லை. சீனரின் வரலாறு பு வூ வரலாறு, சீனர் பு வூ மக்கள் என்று மேலை நாட்டாரும் ஜப்பானியரும் சொல்வதைக் கேட்டு நாணுகிறேன், சினமுறுகிறேன் என்று அதன் முன்னுரையில் லியாங் எழுதுகிறார். அதே இரண்டு சொற்கள். ஆனால் இங்கே பு வூ என்றால் சண்டையிடத் தெரியாதவர், வலுவற்றவர். சரணடைந்தவரைக் கொன்றவரை நோக்கிய குற்றச்சாட்டு, தோற்ற மக்களை நோக்கிய ஏளனமாக மாறிவிட்டது. லியாங்கின் கோபத்தில் நியாயம் இருந்தது. நாடு துண்டாடப்படும் காலத்தில் வலிமை வேண்டும் என்று கேட்பதில் குற்றம் காண மாட்டேன். ஆயினும் அந்த வலிமை எந்த அளவுகோலுக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வி அந்தக் கோபத்தில் கரைந்துபோனது. 702இல் வூ ட்செதியன் பேரரசி தொடங்கிய படைத்துறைத் தேர்வு 1901இல் ஒழிந்து, புதிய படைப்பள்ளிகள் எழுந்த தலைமுறை அது. அதன் பிறகு பெருகிய கூட்டுச்சொற்களைப் பாருங்கள்: வூச்சி என்றால் ஆயுதம், வூலி என்றால் படைபலம், வூசுவாங் என்றால் ஆயுதம் தரித்தல். எல்லாம் கருவியும் பலமும். 1910இல் ஷாங்காயில் தோன்றிய ஜிங்வூ சங்கம் உடற்பயிற்சியால் நாட்டை வலுப்படுத்த எண்ணியது. அது தென்கிழக்காசியாவுக்கும் பரவியதால்தான் கோலாலம்பூர்த் தமிழர் அறிந்த சின் வூ அரங்கத்தின் பெயரிலும் இந்த எழுத்து இருக்கிறது.

வழக்கில் அளவுகோல் தேய்ந்த இந்தக் காலத்தில்தான் ஆயுதத்தை நிறுத்துவது என்ற எழுத்துப் பிரிப்பு போர்க்கலை உலகெங்கும் வேகமாகப் பரவியது. மக்கள் அதைத் தேடியது இயல்பே; வன்மைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று மனம் கேட்கிறது, வரம்பு எழுத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டால் ஆறுதலாக இருக்கிறது. ஆகவே, மக்கள் நம்புவதே பொருள் என்னும் இரண்டாவது முடிவை ஏற்றால் என்ன குறை என்று கேட்கலாம். குறை இருக்கிறது. எழுத்துக்குள் அறம் பிறவியிலேயே பொதிந்திருப்பதாக நம்பினால், வூ செய்பவர் எவரும் தானாகவே அறவான் ஆகிவிடுகிறார். அவரிடம் கேட்க எதுவும் மிஞ்சாது. தாய்ட்சொங்கின் ஆட்டமும் நொபுனாகாவின் முத்திரைக்குச் சொல்லப்படும் விளக்கமும் அந்த வழியில்தான் வேலை செய்கின்றன. சுவாங் மன்னரின் பேச்சு, வென் கோமகனின் மறுப்பு, தாய்ட்சுவின் கோல் ஆகியவை எதிர்வழியில் போகின்றன: நீ செய்தது வூவா என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கின்றன. இன்றைய சீன அகராதிகளில் படை சார்ந்த பொருள் முதலில் வருகிறது, துணிவு அடுத்து வருகிறது, காலடித் தூரம் தனிச் சொல்லாகக் கடைசியில் நிற்கிறது. சரணடைந்தவரைக் கொல்வது எதனால் வூ ஆகாது என்று தாய்ட்சு கருதினாரோ அந்தப் பொருளுக்கு ஒரு வரி சேர்த்து, அதற்குச் சான்றாக 963ஆம் ஆண்டையும் கி.மு. 630ஐயும் கொடுப்பது அகராதிக்காரர்களுக்குப் பெரிய வேலையாகாது. பள்ளி நூல்களும் பிப் போரின் பேச்சைப் பான் தாங்கின் யோசனையிலிருந்து தொடங்கி, ஏழில் ஒன்றும் என்னிடம் இல்லை என்று மன்னர் சொல்லும் இடம்வரை வெட்டாமல் தர வேண்டும்.